நண்பர் இல்லத்து வன்தட்டு

தில்லைக்கும் வீராணம் ஏரிக்கும் இடைப்பட்ட நிலம் பரப்பிற் சிறியதேனும், தமிழ்நூல் வரலாற்றில் அதற்கு உரிய இடம் மிகப் பெரிது. திருநாரையூரிற் பிறந்த நம்பியாண்டார் நம்பி, தில்லைக்கோயிலில் ஓர் அறையிற் பூட்டிவைக்கப்பட்டுக் கறையானுக்கு இரையாகிக்கொண்டிருந்த தேவார ஏடுகளை வெளிக்கொணர்ந்து வகுத்தார் என்று திருமுறைகண்ட புராணம் கூறும். வீரநாராயணபுரம் என்னும் காட்டுமன்னார்கோயிலிற் பிறந்த நாதமுனிகள், யாத்திரிகர் சிலர் பாடிய பத்துப் பாட்டைக் கேட்டு, அவை ஆயிரத்துட் பத்து என்னும் குறிப்பை அப்பாட்டினாலேயே அறிந்து, எஞ்சியவற்றைத் தேடிப் புறப்பட்டு, நாலாயிரத்தையும் தொகுத்தார் என்பது வைணவர் வழங்கும் வரலாறு. இரு பெருந்தொகுதிகளைத் தமிழுக்கு மீட்டளித்தோர் இருவரும் ஒருவர் ஊர்க்கு ஒருவர் ஊர் அண்மையிலிருக்கப் பிறந்தனர் என்பதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு மிகும்.

இவ்விரு வரலாற்றிலும் யான் கருதும் செய்தி ஒன்றுண்டு. அறை பூட்டியிருந்தது; பாட்டுக் கிடைக்கவில்லை. ஆயினும், ‘அறையில் ஒன்றுமில்லை, கழுவி மெழுகி வேறு பண்டம் வைக்கலாம்’ என்று எவரும் கூறியதாக அவ்வரலாறுகளில் இல்லை. நம் காலத்துக் கணினியோ அவ்வாறு கூறுகின்றது. தனக்குப் படிக்கத் தெரியாத ஏட்டைக் கண்டவிடத்து, ‘இதனைத் துடைத்துப் புதிதாக்கட்டுமா?’ என்று மிக்க பணிவோடு வினவுகின்றது. அங்ஙனம் வினவப்பட்ட வன்தட்டு ஒன்றைப் பற்றியே யான் இங்கு எழுதப் புகுந்தேன்.

காட்டுமன்னார்கோயிலை அடுத்த லால்பேட்டையில் என் நண்பர் ஒருவரின் இல்லம் உளது. அவ்வூர் வெற்றிலைக் கொடிக்கால்களாலும் அரபுக் கல்வியாலும் பெயர் பெற்றது; அங்குள்ள குடும்பங்கள் பலவற்றில் ஒருவரேனும் கடல் கடந்து பொருளீட்டச் சென்றிருப்பர். நண்பரின் தமையனாரும் சிங்கப்பூரிற் பணிபுரிகின்றார். அவர் சில ஆண்டுகளுக்குமுன் விடுமுறைக்கு வந்திருந்தபோது, தம் பாட்டியாரை (அவ்வீட்டில் ‘நன்னி’ என்பர்) அருகிருத்தி, அவர் பாடிய தாலாட்டுகளையும், நிக்காஹ் வீடுகளில் பெண்டிர் பாடும் பாட்டுகளையும், கொடிக்கால் வேலையைப் பற்றிய பேச்சுகளையும் ஒலிப்பதிவு செய்துவைத்தார். அம்மூதாட்டியார் தம் இளமையில் அரபுத்தமிழில் எழுதிவைத்த குறிப்பேடு ஒன்றையும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்தார். பாட்டியார் இன்றில்லை. குறிப்பேடு ஒரு மழைக்காலத்தில் ஈரம் ஏறி அழிந்தது. ஆகவே 212 ஒலிக்கோப்புகளும் 96 படங்களும் அடங்கிய அவ்வன்தட்டு ஒன்றே எஞ்சியது. அதனைத் தமையனார் ஊருக்கு வந்த ஒருவர் கையில் கொடுத்தனுப்பினார்.

வந்த தட்டை நண்பர் ஒரு கணினிக் கடைக்குக் கொண்டுசென்றார். விண்டோஸ் கணினியில் அதனைச் செருகியதும், தட்டைப் பயன்படுத்துமுன் ‘ஃபார்மட்’ செய்தல் வேண்டும் என்னும் அறிவிப்புத் தோன்றியது. கடைக்காரரும், “டிஸ்க் காலியாத்தான் இருக்கு, ஃபார்மட் பண்ணிட்டா சரியாயிடும்” என்றாராம். நண்பர் நல்வினைப்பயனாக அன்று பொத்தானை அழுத்தாது மீண்டார். மறுவாரம் யான் சென்றிருந்தபோது, நண்பரின் அன்னையார் அதனை ஒரு துணிப்பையிலிருந்து எடுத்துத் தந்து, “தம்பி, எங்க மாமியோட குரல் இதுக்குள்ளதான் இருக்கு. பாத்துச் செய்யுங்க” என்றார்.

அவ்வீட்டிலுள்ள கணினி, நண்பரின் தமக்கையார் பள்ளியில் பயின்ற காலத்தில் அரசு அளித்த மடிக்கணினியாகும். 2011-ஆம் ஆண்டில் தொடங்கிய அத்திட்டத்தின் முற்பகுதியில் வழங்கப்பட்டவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் டெபியன் என்னும் லினக்ஸ் வகையை அடியாகக் கொண்டு ஆக்கி, 2007-இல் வெளியிட்ட இயக்குதளம். மாணாக்கர் பெரும்பாலார் அதனைத் திறந்தும் பார்த்திலர் என்பது வேறு கதை. நண்பர் வீட்டுக் கணினியில் விண்டோஸ் பழுதுற்று நெடுநாளாயிற்று. அதில் இப்போது 2023-இல் வெளியான டெபியன் 12 உளது. முதுமையெய்திய அக்கணினி மெல்ல நடப்பினும் தன் கடனைச் செய்கின்றது.

இனி, ஒரு புறவன்தட்டு ஓர் இயக்குதளத்தோடு பொருந்துமா என்னும் வினாவைப் பலரும் ஒரே வினாவாகக் கொள்வர். அது பொருந்தாது. தட்டு என்னும் பொருளைக் கணினி காண்கின்றதா என்பது வேறு. அதிலுள்ள எழுத்துமுறையை அறிகின்றதா என்பது வேறு. கோப்புகளின் பெயரை உள்ளவாறே தாங்குமா என்பது பின்னும் வேறு. கடைக்காரர் முதலாவதற்கு ‘ஆம்’ என்றும் இரண்டாவதற்கு ‘இல்லை’ என்றும் விடை பெற்றவர். பெற்றும், தட்டே வெறுமை என்று முடிவு கட்டினார்.

முதல் வினா பெரும்பாலும் எளிது. யு.எஸ்.பி. வழியே இணையும் சேமிப்புக் கருவிகளுக்கெல்லாம் பொதுவான ஒழுங்கு ஒன்று வகுக்கப்பட்டிருத்தலின், பெட்டியின்மேல் விண்டோஸ், மாக் என்னும் இரு பெயர்களே அச்சிடப்பட்டிருப்பினும், தனி மென்பொருள் எதுவும் வேண்டாமலே லினக்ஸ் அவற்றைக் கண்டுகொள்ளும். ஒரு சில தட்டுகள் தம் உறையிலுள்ள இணைப்புச் சில்லின் குறையால் விரைவு முறையில் தடுமாறும். அவற்றிற்குப் பழைய மெதுமுறையைக் கட்டளையிட்டால் அமைதியுறும். கடவுச்சொல் இட்டு வன்பொருளிலேயே பூட்டப்பட்டுத் தன் நிறுவனத்து மென்பொருளால் மட்டுமே திறக்கும் தட்டுகளே உண்மையில் அஞ்சத்தக்கன. லினக்ஸ் வைத்திருப்போர் அவ்வகைத் தட்டை வாங்காதிருத்தல் நலம்.

எங்கள் தட்டோ செருகியவுடன் ‘டிக், டிக்’ என்று ஒலித்து நின்றுவிட்டது. அன்னையார் முகம் வாடிற்று. இவ்வொலி தட்டின் இறுதிமூச்சாகவும் இருக்கலாம். மின்னூட்டம் போதாமையாகவும் இருக்கலாம். யு.எஸ்.பி. 2 வாயில் 500 மில்லியாம்பியர் அளவே தரக் கடமைப்பட்டது, யு.எஸ்.பி. 3 வாயில் 900 தரும். இவற்றிடையே மெலிந்த நீண்ட கம்பி ஒன்று புகுந்தால் உள்ளதும் குறையும். கம்பியை மாற்றிக் குட்டையான ஒன்றை இட்டு, மற்றொரு வாயிலிற் செருகியதும் தட்டு சீராகச் சுழலத் தொடங்கியது.

டி.மெஸ்ஜி என்னும் கட்டளை, கெர்னல் தன் நாட்குறிப்பில் எழுதிக்கொள்வனவற்றைக் காட்டும். அதில் புதிய கருவி கண்டேன் என்றும், அதற்கு எஸ்.டி.பி. என்று பெயரிட்டேன் என்றும், அது 512 பைட்டு அளவுள்ள 1953525168 கட்டங்களை உடையதென்றும் எழுதியிருந்தது. பெருக்கிப் பார்ப்பின் அஃது ஒரு டெராபைட்டுக்குச் சிறிது மிகும். கணினி அதனையே 931 என்று காட்டுவது கண்டு, கடையில் ஏமாற்றினர் என்று சினப்போர் உளர். விற்போர் ஆயிரம் ஆயிரமாகவும் கணினி 1024, 1024 ஆகவும் எண்ணுவதன்றி வேறு காரணம் அதற்கில்லை.

இரண்டாம் வினாவே எங்கள் காரியத்தின் உயிர்நிலை. எல்.எஸ்.பி.எல்.கே. என்னும் கட்டளையை ‘எஃப்’ என்னும் குறியோடு இட்டால், ஒவ்வொரு தட்டின் எழுத்துமுறை இன்னதென்று, தட்டில் ஒரு புள்ளியும் எழுதாமலே, கூறிவிடும். இவ்வெழுத்துமுறையைக் கோப்பு முறைமை என்பர். திரையில் ‘எச்.எஃப்.எஸ். பிளஸ்’ என்று தோன்றியது. அது ஆப்பிள் நிறுவனத்தார் 1998-இல் கொணர்ந்து, 2017-இல் ஏ.பி.எஃப்.எஸ். என்னும் புதியது வரும்வரை தம் மாக் கணினிகளில் முதன்மையாக வழங்கிய முறைமை. தமையனார் அக்காலத்தில் மாக் கணினி வைத்திருந்தார் என்பது அப்போதுதான் நண்பர்க்கு நினைவு வந்தது. விண்டோஸ் தானாக இதனை அறியாது. ஆகவே ஃபார்மட் செய்யட்டுமா என்றது.

அரபுத்தமிழ் ஏட்டை எண்ணுக. மொழி தமிழ்; எழுத்து அரபு. தமிழெழுத்து மட்டும் கற்ற என்போன்றோர் அதனைக் கையிலெடுப்பின் ஓரெழுத்தும் விளங்காது. அதனால் அவ்வேடு வெறுமையாகுமா? அதனை அறிந்த மூதாட்டி ஒருவர் எடுத்துப் படித்தால் நாம் தொட்டிலிற் கேட்ட சொற்களே வெளிப்படும். விண்டோஸின் முன் அத்தட்டு அத்தகையதாயிற்று.

மாக் கணினியின் இயக்குதளமும் யூனிக்ஸ் குடியைச் சேர்ந்ததே. 1969-இல் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிச்சி முதலியோர் தொடங்கிய யூனிக்ஸே இக்குடியின் முன்னோர். பின்லாந்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட லினக்ஸ் அதன் நெறியைப் பின்பற்றி முற்றும் புதிதாக எழுதப்பெற்றது. ஆப்பிளின் தளமோ 2007-இல் முறைப்படி யூனிக்ஸ் என்றே சான்று பெற்றது. ஆயினும் உறவினர் என்பதனால் ஒருவர் கையெழுத்தை ஒருவர் படிப்பர் என்று கொள்ளற்க. பழைய எச்.எஃப்.எஸ். பிளஸ் முறைமையை லினக்ஸ் கெர்னல் படிக்கும், புதிய ஏ.பி.எஃப்.எஸ். முறைமைக்கு அதனுள் இடமில்லை. வேறு துணைக்கருவி தேடவேண்டும். தட்டு 2017-க்குமுன் எழுதப்பட்டதாயிருந்தது எங்கள் நற்பேறு.

யூனிக்ஸ் வழியில், வெளியிலிருந்து வந்த தட்டுக்கு விண்டோஸைப்போலத் தனி எழுத்து ஒன்றைப் பெயராகக் கொடுப்பதில்லை. ஒரே மரம், அதன் கிளையொன்றில் புதுத் தட்டை ஏற்றிக் கட்டுவர். இதனை விளக்க யான் சொல் தேடிக்கொண்டிருந்தபோது நண்பர், “அகத்தியில் கொடி ஏற்றிக் கட்டுவதுபோல” என்றார். கொடிக்காலில் அகத்தியை முன்னரே நட்டு வளர்த்து, வெற்றிலைக்கொடி படர்ந்ததும் நாரால் அதனோடு சேர்த்துக் கட்டுவர். கொடி அகத்தியன்று, ஆயினும் இலை கிள்ளுவோன் கைக்கு இரண்டும் ஓரிடத்தே நிற்கும். இதனினும் தெளிந்த உவமை எனக்கு இன்றுவரை கிட்டவில்லை.

ஏற்றும்போது ‘படிக்க மட்டும்’ என்னும் கட்டளையோடு ஏற்றினோம். நாங்கள் அவ்வாறு செய்யாவிடினும் லினக்ஸ் தானே அங்ஙனம் செய்திருக்கும். எச்.எஃப்.எஸ். பிளஸ் முறைமையில் ஒவ்வொரு மாறுதலையும் முன்கூட்டிக் குறித்துவைக்கும் நடவடிக்கைக் குறிப்பு ஒன்றுண்டு. அதனைப் பேணும் முறை லினக்ஸுக்குத் தெரியாது. ஆதலின் அக்குறிப்புள்ள தட்டில் எழுத மறுத்துவிடும். தெரியாததில் கைவைக்காத இவ்வடக்கம் எனக்கு மிகப் பிடித்தது. கடையில் கண்ட பணிவைக்காட்டிலும் இதுவே உண்மைப் பணிவு போலும்.

ஏற்றியும் அடைவொன்று திறக்கவில்லை; ‘அனுமதியில்லை’ என்றது. யூனிக்ஸ் குடியினர் உரிமையாளரைப் பெயரால் அறியார், எண்ணால் அறிவர். மாக் கணினியில் முதற்பயனர் எண் 501, டெபியனில் 1000. தமையனார் தம் எண்ணால் பூட்டிய அடைவு, தம்பியாரின் எண்ணை அயலானாகக் கண்டது. உடன்பிறப்பு முறை தட்டுக்குத் தெரியுமா? கணினியின் தலைமைப் பயனர்க்குரிய அதிகாரத்தைக்கொண்டு அடைவைத் திறந்து கோப்புகளைக் கணினியின் உள்தட்டிற்கு நகலெடுக்கத் தொடங்கினோம். தட்டு நலமாயிருக்கிறதா என்று ஸ்மார்ட்சி.டி.எல். என்னும் கருவியால் முன்னரே கேட்டறிந்திருந்தோம்; பழுதடைந்த கட்டங்கள் பலவாகக் காட்டியிருந்தால், கோப்புக் கோப்பாக எடுக்காமல் தட்டு முழுவதையும் ஒரே படிமமாகப் பெயர்த்தெடுப்பதே முறை.

இவ்விடத்தில் மூன்றாம் வினா வந்து வழிமறித்தது. ஒலிக்கோப்புகளுள் 203 செவ்வனே வந்தன, ஒன்பது வரவில்லை. ‘கோப்பின் பெயர் மிக நீண்டது’ என்னும் மறுப்பே ஒவ்வொன்றிற்கும் விடையாயிற்று. தமையனார் ஒவ்வொரு பதிவுக்கும் அதன் பொருள் முழுவதையும் பெயராக இட்டிருந்தார். அவற்றுள் ஒன்று வருமாறு: ‘நன்னி தன் சிறுவயதில் ஏரி நிறைந்த ஆண்டு கொடிக்கால் முழுதும் நீரில் நின்ற கதையும் அதன்பின் அகத்தி நட்டதும்.’

இப்பெயர் மாக் தட்டில் இருந்தது. லினக்ஸ் தட்டில் ஏன் இருத்தலாகாது? இரண்டிலும் பெயரின் எல்லை 255 என்றே நூல்கள் கூறும். 255 எவை என்பதில்தான் சூழ்ச்சி. எச்.எஃப்.எஸ். பிளஸ், என்.டி.எஃப்.எஸ்., எக்ஸ்ஃபாட் ஆகியவை யூனிகோடு குறிகளை எண்ணும், லினக்ஸின் ஈ.எக்ஸ்.டி. 4 பைட்டுகளை எண்ணும். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பைட்டு ஆதலின் அம்மொழியார்க்கு இவ்வேறுபாடு புலப்படாது. யு.டி.எஃப். 8 முறையில் தமிழ்க்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. ‘லால்பேட்டை’ என்பதை நம் இலக்கணப்படி எண்ணின் ஐந்தெழுத்து. உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி நிற்பதால் யூனிகோட்டில் பத்துக்குறி. லினக்ஸ் தட்டில் 30 பைட்டு. 255-ஐ மூன்றால் வகுத்தால் 85. ஆகவே தமிழர்க்கு அங்கே கிடைப்பது 85 குறிகளே. மேற்கூறிய கொடிக்கால் கதையின் பெயர், இடைவெளியும் பின்னொட்டும் உட்பட 108 குறி. பைட்டுக் கணக்கில் 290. தொல்காப்பியம் ஓதுங்கால் மாத்திரை எண்ணிய விரல்கள் அன்று பைட்டு எண்ணின.

பெயர் பற்றி இன்னும் ஒன்று கூறவேண்டும். ‘கொ’ என்னும் எழுத்தைக் கணினியில் இருவகையாக எழுதலாம். ககரத்தின்பின் ஒகரக்குறி ஒன்றை இடுவது ஒருவகை. கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக இடுவது மற்றொருவகை. திரையில் இரண்டும் ஒன்றே. யூனிகோடு இலக்கணமும் இரண்டும் நிகர் என்றே கூறும். எச்.எஃப்.எஸ். பிளஸ் பெயர்களைப் பிரித்தே எழுதிவைக்கும், ஈ.எக்ஸ்.டி. 4 வந்ததை வந்தபடியே வைத்துக்கொள்ளும், பைட்டு வேறாயின் பெயரும் வேறு என்னும். ஆகவே வெவ்வேறு வழியாக வந்த நகல்கள் ஓரடைவில் கூடினால், ‘கொடிக்கால்’ என்னும் பெயரில் இரு கோப்புகள் அருகருகே நிற்கக்கூடும். ஒன்றைத் தேடினால் மற்றொன்று அகப்படாது. கோ, கௌ வரிசைகளுக்கும் இதுவே கதி. பாடவேறுபாடு காணும் ஆசிரியர் கண்ணுக்கும் புலப்படாத பாடவேறுபாடு இது! தமிழ் பயில்வோர் இதனை அறிந்திருத்தல் வேண்டும் என்பது என் துணிபு. கணினித் துறையினர் பலர்க்கு இது தெரியவாராது, தெரியவேண்டிய இடுக்கண் அவர்க்கு நேர்வதுமில்லை.

ஒன்பது கோப்புகளுக்கும் சுருங்கிய பெயரும் வரிசையெண்ணும் இட்டு நகலெடுத்தோம். முழுப்பெயர்களைத் தனியே ஓர் உரைக்கோப்பில் எழுதிவைத்தோம். தமையனார் சூட்டிய பெயரும் பதிவின் ஒரு பகுதியன்றோ? பின்னர் மூலத்தையும் நகலையும் ஒப்புநோக்கினோம். ஏடு பெயர்த்தெழுதுவோர் ஒருவர் படிக்க ஒருவர் சரிபார்த்ததை, எஸ்.எச்.ஏ. 256 என்னும் கணக்கு நொடியிற் செய்கின்றது: ஒவ்வொரு கோப்பிலிருந்தும் 64 எழுத்துள்ள முத்திரை ஒன்றைப் பிழிந்தெடுக்கும், கோப்பில் ஒரு புள்ளி மாறினும் முத்திரை மாறிவிடும். 308 முத்திரைகளும் ஒத்தன. அதன்பிறகே தட்டைக் கட்டவிழ்த்து வெளியே எடுத்தோம்.

நிற்க. இரண்டாம் நகல் எவ்வகைத் தட்டில் இருத்தல்வேண்டும் என்பது பற்றி எங்களுக்குள் சிறு வழக்கு எழுந்தது. தமையனார் மாக் உடையவர், தமக்கையார் புகுந்த வீட்டில் விண்டோஸ், இங்கோ டெபியன். மூவரும் படிக்கவேண்டுமாயின் பழைய ஃபாட் 32 உண்டு. ஆனால் நான்கு கிகாபைட்டைத் தொடும் கோப்பு எதனையும் அது ஏற்காது. என்.டி.எஃப்.எஸ். ஆயின் மாக் கணினி படிக்குமேயன்றி எழுதாது. எஞ்சியது எக்ஸ்ஃபாட். அதன் இலக்கணத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் 2019-இல் வெளியிட்டபின், அவ்வாண்டின் இறுதியில் வந்த 5.4 கெர்னல் முதல் லினக்ஸுக்குள்ளேயே அதற்கு இடம் கிடைத்தது. அதற்குமுற்பட்ட லினக்ஸாயின் துணைமென்பொருள் ஒன்றைத் தனியே நிறுவவேண்டும். யூனேம் என்னும் கட்டளை கெர்னலின் எண்ணைக் கூறும். வீட்டில் எழுதப்படும் எந்தத் தட்டுக்கும் முதலில் அதைப் பார்த்துக்கொள்வது நன்று. எக்ஸ்ஃபாட்டில் நடவடிக்கைக் குறிப்பு இல்லை. எழுதும்போது மின்சாரம் நின்றாலும் தட்டைப் பிடுங்கினாலும் இழப்பு நேரலாம். லால்பேட்டையில் மின்சாரம் நிற்பது புதுமையா? ஆகவே கைமாற்றிக்கொள்ள எக்ஸ்ஃபாட் நகலொன்றும், பேழையிற் காக்க ஈ.எக்ஸ்.டி. 4 நகலொன்றும் இருக்கட்டும் என்று யான் கூற, நண்பர் உடன்பட்டார். பழைய மாக் தட்டையும் அழிக்கவில்லை. அது மீண்டும் அத்துணிப்பைக்கே சென்றது.

மாலையில் முற்றத்தில் அமர்ந்து முதற்பதிவைக் கேட்டோம். கவுளி அடுக்கும்போது இலைக்காம்பு எப்பக்கம் இருத்தல்வேண்டும் என்று பாட்டியார் எவரையோ கடிந்துகொள்ளும் குரல் முதலில் வந்தது, பாட்டு அதன்பின்னரே. அன்னையார் சிரித்தார், பின் உள்ளே எழுந்து சென்றார்.

படங்கள் 96-உம் தெளிவாகத் திறக்கின்றன. அவற்றைப் படிக்க எங்கள் இருவராலும் இயலவில்லை. நண்பர் அரபெழுத்தைக் கூட்டிப் படிப்பாரேனும், தமிழொலிகளுக்கென்று புள்ளி மாற்றி அமைத்த எழுத்துகளில் இடறுகின்றார். அண்டை வீட்டு முதியவர் ஒருவர் அவ்வெழுத்தில் வல்லவர். அவர் படிக்க, யான் தமிழெழுத்தில் எழுதிக்கொள்ள, இதுவரை 11 பக்கங்கள் முடிந்தன. ஏழாம் பக்கத்தின் ஓரத்தில், ஒரு தாலாட்டுக்கும் மற்றொரு தாலாட்டுக்கும் இடையே, எவர்க்கோ கொடுத்த கடன் மூன்று ரூபாய் என்று குறித்திருக்கின்றது.